நேற்றைக்குத் திரும்ப வழி உண்டா?

காலம் கடந்த பயணம் புராணத்தில் எளிது. ரைவத மன்னன் தன் மகளுக்கு வரன் கேட்கப் பிரம்மலோகம் சென்று, சற்றே காத்திருந்து திரும்புவதற்குள் பூமியில் இருபத்தேழு சதுர்யுகங்கள் கழிந்துவிட்டனவாம். அது முன்னோக்கிய பயணம். எதிர்காலத்திலிருந்து பின்னோக்கி வருவோர் உண்டா என்றறிய, விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் 2009 ஜூன் 28ஆம் நாள் விருந்து வைத்தார். அழைப்பை விருந்து முடிந்த பின்னரே வெளியிட்டார். ஒருவரும் வரவில்லை.

ஆயினும் சங்கத்துக் கணினிக்கு மட்டும் நேற்றைக்குத் திரும்ப ஒரு வழி உண்டு. அதுவே காப்பு நகல். ஆனால் இந்த வண்டி, நகல் எடுத்த நாட்களில் மட்டுமே நிற்கும். சனிக்கிழமை எடுத்த நகல் நம்மைச் சனிக்கிழமையில்தான் இறக்கிவிடும். அதன் பின் வரவு வைத்த தவணையும், பட்டுவாடா செய்த நெசவுக் கூலியும், ரசீதுகளைப் பார்த்து மீண்டும் எழுதப்படவேண்டும். நகலே எடுக்காத சங்கத்துக்கு இறங்க இடமே இல்லை.

இது வேடிக்கைப் பேச்சு மட்டுமன்று. 2021 பிப்ரவரியில் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க் கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டபோது, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று சொன்னவை சங்கக் கணக்குகளே. 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு 2022இல் மத்திய அரசு இசைவளித்தது. 2024 ஜூலை இறுதியில், தரவைப் பூட்டிவைத்துப் பணம் பறிக்கும் தீயநிரல் ஒரு கணினிச் சேவை நிறுவனத்தைத் தாக்கியது. கூட்டுறவு வங்கிகள் உள்ளிட்ட சுமார் 300 சிறு வங்கிகளின் பணப் பரிமாற்றம் தற்காலிகமாகத் தடைப்பட்டது. மேலூர் விவசாயிக்கும் செல்லூர் நெசவாளருக்கும் சில நாள் தடையே தொல்லை. பதிவே அழிந்தால் என் செய்வது?

விவசாயிக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. விதைநெல்லை உண்ணும் நெல்லோடு கலந்து வைப்பாரில்லை. விதைக்குமுன் ஒரு பிடியை ஈரத்துணியில் முடிந்து முளை பார்ப்பர். நகலுக்கும் அதுவே முறை. மூன்று படிகள் வேண்டும். அவை இரு வகைச் சாதனங்களில் இருக்கவேண்டும். ஒன்றேனும் வேறு கட்டடத்தில், கணினியோடு இணைப்பின்றி இருக்கவேண்டும். ஓயாது இணைந்திருக்கும் நகலைத் தீயநிரல் எளிதில் பற்றிவிடும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் அழிந்தன. அவை மீளவேயில்லை.

முளை பார்ப்பதும் அவசியம். 2017 ஜனவரி 31ஆம் நாள், கிட்லாப் என்னும் மென்பொருள் நிறுவனத்தில் ஊழியர் ஒருவர் தவறுதலாகத் தரவை அழித்தார். வைத்திருந்த ஐந்து காப்பு முறைகளில் ஒன்றும் கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரத்துக்குமுன் வேறொரு சோதனைக்காக எடுத்த படியே காப்பாற்றியது.

எனவே மகாசபையில் அங்கத்தினர்கள் தயங்காது மூன்று கேள்விகள் கேட்கவேண்டுகிறோம். கடைசி நகல் என்று எடுக்கப்பட்டது? அது எங்கே இருக்கிறது? அதைத் திறந்து பார்த்தது யார்? விடை நடவடிக்கைக் குறிப்பில் பதிவாகட்டும். பாஸ் புத்தகத்தையும் ரசீதுகளையும் அவரவர் பத்திரப்படுத்துவதும் கடமையே. அங்கத்தினர் வீட்டுப் பெட்டியில் இருப்பதும் சங்கத்தின் ஒரு நகல்தான்.