மூங்கில் போடும் மதிப்பெண்

அமெரிக்கச் சாரணர் இயக்கம் 1911-ல் வெளியிட்ட கையேட்டில் வில்வித்தைப் பதக்கத்துக்கான நிபந்தனைகள் இருக்கின்றன. அவற்றில் முதலாவது எய்வதைப் பற்றிப் பேசவில்லை. நூறு அடி தூரம் ஓரளவு குறி தவறாமல் அம்பைச் செலுத்தும் ஒரு வில்லைச் சிறுவன் தன் கையாலேயே செய்து காட்ட வேண்டும், அம்பையும் அவனே செய்ய வேண்டும் என்கிறது அது. இலக்குப் பலகையில் புள்ளிகள் சேர்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். இன்று அதே பதக்கத்துக்கு வில் செய்ய வேண்டியதில்லை. வெறும் தண்டுக்கு இறகும் முனையும் பொருத்தி ஓர் அம்பு செய்வதோடு கைவேலை சுருங்கிவிட்டது. வில் கடையிலிருந்து வந்துவிடுகிறது. நூறாண்டுகளில் நடந்த இந்தச் சுருக்கத்தில் பெரிய இழப்பு ஒன்று இருப்பதாக நினைக்கிறேன். நம் ஊர்களின் சாரணர் அணிகள், இளைஞர் மன்றங்கள், நூலகக் கோடை முகாம்கள் ஆகியவை வில்வித்தையைக் கற்றுத்தர முன்வந்தால், அந்தப் பழைய முதல் நிபந்தனையிலிருந்தே தொடங்க வேண்டும்.

பார்வைக்கு வில் எளிய பொருள்: வளைத்து நாண் கட்டிய ஒரு கோல். செய்ய உட்காரும்போதுதான் அதன் கணக்கு பிடிபடும். நாணை இழுக்கையில் இலக்கைப் பார்க்கும் புறம் நீளப் பார்க்கிறது, எய்பவரைப் பார்க்கும் புறம் நசுங்குகிறது. ஒரே கோல் ஒரே நொடியில் இழுவையையும் நசுக்கலையும் தாங்கியாக வேண்டும். ஐரோப்பியர் யூ மரத்தைத் தேடித்தேடி வெட்டியதற்குக் காரணம் இதுதான். அந்த மரத்தின் வெளிறு இழுவையைத் தாங்கும், வைரம் நசுக்கலைத் தாங்கும். இரண்டும் சேரும் இடத்தில் பிளந்தெடுத்தால் மரமே ஒட்டிக் கொடுத்த வில் கிடைத்துவிடும். மூங்கிலில் வலுவான நார்கள் தோலை ஒட்டி நெருங்கி நிற்கின்றன. ஆகவே தோல் இலக்கைப் பார்க்க வேண்டும், அதில் உளி படக் கூடாது, உட்புறத்தை மட்டுமே இழைக்க வேண்டும். பருமனின் கணக்கு இன்னும் கறாரானது. கோலின் அகலத்தைப் பாதியாக்கினால் விறைப்பும் பாதியாகும். பருமனைப் பாதியாக்கினாலோ எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். பருமனில் பத்தில் ஒரு பங்கு சீவினாலே விறைப்பில் கால்வாசிக்கு மேல் போய்விடும். ஓரிடத்தில் கை அதிகமாக ஓடிவிட்டால் வளைவு முழுவதும் அங்கே குவியும், குவிந்த இடம் ஒடியும். அதனால் வில் செய்பவரின் வேலையில் பாதிக்கு மேல் பார்ப்பதுதான். கொஞ்சம் சுரண்டுவது, இருபது முப்பது முறை மெல்ல வளைத்துப் பழக்குவது, சுவரில் அடித்த கட்டையில் வில்லை மாட்டி நாணைக் கீழே இழுப்பது, பத்தடி தள்ளி நின்று வில்லின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் ஒன்றுபோல் வளைகின்றனவா என்று பார்ப்பது, விறைத்து நிற்கும் இடத்தில் மறுபடி கொஞ்சம் சுரண்டுவது. ஒரு நாள் முழுக்க இப்படியே போகலாம்.

என் வாதத்தின் மையம் இந்தச் சுரண்டலும் பார்த்தலும்தான். பதினான்கு பதினைந்து வயதில் ஒரு பிள்ளை செய்யும் வேலை ஒவ்வொன்றுக்கும் இன்னொரு மனிதர்தான் மதிப்பெண் போடுகிறார். விடைத்தாளை ஆசிரியர் திருத்துகிறார், கட்டுரையை நடுவர் படிக்கிறார், படத்துக்கு முகம் தெரியாதவர்கள் விருப்பம் போடுகிறார்கள். மதிப்பெண் குறைந்தால் திருத்தியவர் சரியில்லை என்று சொல்லிக்கொள்ள எப்போதும் ஒரு வழி திறந்திருக்கிறது. கூடினாலும் அது வேலையின் தரத்துக்கா, திருத்தியவரின் கருணைக்கா என்ற ஐயம் தீர்வதில்லை. மூங்கில் பத்தையிடம் அந்த வழி இல்லை. அது யார் பிள்ளை என்று கேட்காது. சரியாக இழைத்திருந்தால் வளையும், அவசரப்பட்டிருந்தால் ஒடியும். ஒடியும்போதும் காரணத்தைச் சொல்லிவிட்டே ஒடிகிறது. வெளிப்புறத்தில் சிலாம்பு எழும்பியிருந்தால் இழுவையில் போயிருக்கிறது, தோல் எங்கோ காயப்பட்டிருக்கிறது. உட்புறத்தில் குறுக்கே ஒரு மடிப்புக் கோடு விழுந்திருந்தால் நசுங்கியிருக்கிறது, அந்த இடத்தில் சீவியது அதிகம். தன் தவறை இவ்வளவு துல்லியமாக, அவமானப்படுத்தாமல் காட்டும் ஆசிரியர் கிடைப்பது அரிது. இதைத் தனியாகச் செய்வதைவிடக் குழுவாகச் செய்வது மேல் என்பதற்கும் காரணம் இதிலேயே இருக்கிறது. முதல் வில்லில் தோற்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். பதினைந்து பேர் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது ஒருவரின் வில் ஒடிந்தால், ஒடிந்த துண்டு கைமாறிக் கைமாறிப் பதினைந்து பேருக்கும் பாடமாகிறது. ஒடித்தவர் அன்றைக்கு ஏளனத்துக்கு ஆளாகாமல், மற்றவர்களின் வில்லைக் காப்பாற்றியவராகிறார். முகாம் நடத்துபவர்கள் ஒடிந்த வில்களைக் குப்பையில் போடாமல், ஒடிந்த காரணத்தை எழுதிச் சுவரில் மாட்டி வைக்கலாம்.

இந்த அறிவு புத்தகத்தில் மட்டும் தங்காது, கையிலிருந்து கைக்குத்தான் போகும். 1991-ல் ஆஸ்திரிய-இத்தாலிய எல்லைப் பனியில் கிடைத்த, 5,300 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதரான ஓட்ஸியின் அருகே 1.82 மீட்டர் நீள யூ மர வில் ஒன்று இருந்தது. அது இன்னும் முடிக்கப்படாத வில். செதுக்கிய தடங்கள் அதில் அப்படியே தெரிகின்றன. தூணியில் இருந்த 14 அம்புகளில் இரண்டே முழுமை பெற்றிருந்தன. அக்காலத்தில் வில் வைத்திருப்பதும் வில் செய்வதும் ஒரே வாழ்க்கையின் பகுதிகளாக இருந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இன்னொரு சான்று நம் காலத்துக்கு மிக அருகில் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் யாஹி மக்களில் எஞ்சிய கடைசி மனிதர் என்று அறியப்பட்ட இஷி, 1911-ல் வெளியுலகுக்கு வந்தார். அவரது இனத்தார் கொன்று அழிக்கப்பட்டிருந்தனர். சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவர் அவருடன் பழகி, ஜூனிப்பர் மரத்தில் அவர் வில் செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்துக் கற்றார். 1916-ல் இஷி இறந்தார். 1923-ல் போப் எழுதிய நூல் அமெரிக்காவில் கைவில் செய்பவர்களின் புதிய தலைமுறை உருவாகக் காரணமாயிற்று. ஒரு மக்களின் ஆயிரமாண்டுத் தொழிலறிவு மிஞ்சியதற்கு, அருகில் உட்கார்ந்து பார்க்க ஒருவருக்குச் சில ஆண்டுகள் வாய்த்ததே காரணம்.

இந்தியாவில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. ராஜஸ்தானின் உதய்பூர்ப் பகுதியில் மூங்கில் வில்லோடு வளர்ந்த பழங்குடி இளைஞர் லிம்பா ராம், 1988 முதல் மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் நாட்டுக்காக எய்தார். ஜார்க்கண்டில் தீபிகா குமாரியும் மூங்கில் வில்லில் தொடங்கியவர்தான். தேசியப் போட்டிகளில் மூங்கில் வில்லுக்கென்றே ‘இந்தியன் ரவுண்ட்’ என்ற பிரிவு இருக்கிறது. நவீன வில்லின் விலை எட்டாத பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டின் வாசல் அதுவே. ஆனால் அங்கேயும் வில்லைச் செய்தது யார் என்ற கேள்வி எழுவதில்லை. பதக்கம் வரும் என்பதற்காக வில் செய்யச் சொல்ல நான் வரவில்லை. கையால் செய்த மூங்கில் வில் கார்பன் வில்லோடு போட்டியிட முடியாது, போட்டியிட வேண்டியதும் இல்லை.

முதலில் வரும் எதிர்ப்பு ஆபத்தைப் பற்றியது. வில் ஓர் ஆயுதம், அதைப் பதின்வயதினர் கையில் கொடுக்கலாமா, அதுவும் செய்யக் கற்றுக்கொடுத்தால் வீட்டுக்கு வீடு வில் முளைக்காதா என்று பெற்றோர் கேட்பது நியாயமே. வில் போருக்குப் பயன்பட்டது உண்மை. எட்டாம் ஹென்றியின் இங்கிலாந்தில் சிறுவர்களுக்கு வில் பழக்குவது சட்டக் கடமையாக இருந்தது, போருக்காகவே. 1545-ல் மூழ்கி 1982-ல் மேலே எடுக்கப்பட்ட அந்நாட்டுப் போர்க்கப்பல் மேரி ரோஸில் 137 முழு வில்கள் கிடைத்தன. அவற்றில் பல, இழுக்க நூறு பவுண்டுக்கு மேல் விசை தேவைப்படுபவை. இளைஞர் முகாமில் செய்ய வேண்டியது ஏறக்குறைய இருபது பவுண்டு விசை கொண்ட, மெல்லிய பயிற்சி வில். அதுவும் கண்ணைக் குருடாக்கப் போதுமானது. இதை மூடிமறைத்துப் பேசுவதில் பயனில்லை. எய்யும் கோட்டுக்கு முன்னால் ஆள் இருந்தால் நாணில் அம்பு ஏறக் கூடாது, இலக்குக்குப் பின்னால் மண்மேடு இருக்க வேண்டும், வில்லும் அம்பும் முகாமின் பூட்டிய அறையில்தான் தங்க வேண்டும், காட்டு விலங்கையோ பறவையையோ குறிவைப்பது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம் என்பதை முதல் நாளே சொல்ல வேண்டும். இந்த விதிகளை யார் உள்ளூர ஏற்பார்கள் என்பதுதான் கேள்வி. கடையில் வாங்கிய வில்லைக் கையிலெடுக்கும் பிள்ளைக்கு அதற்குள் அடங்கியிருக்கும் விசை தெரியாது. மூன்று வாரம் சுரண்டி, கண்ணெதிரே ஒரு வில் வெடித்து ஒடிந்ததைப் பார்த்தவருக்கு அது தெரியும். உண்மையில் முகாமில் காயம் படுவதற்கு வாய்ப்பு அதிகம் உள்ள இடம் இலக்கு மைதானம் இல்லை, உளியும் கத்தியும் இருக்கும் மேசைதான். கருவியைப் பிடிக்கக் கற்பிக்கும் தச்சர் ஒருவர் இல்லாமல் இதைத் தொடங்கவே கூடாது.

இரண்டாவது எதிர்ப்பு இன்னும் ஆழமானது. தமிழ்நாட்டில் கைத்தொழில் கல்வியைப் பற்றிப் பேசும் எவரும் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். 1937-ல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழில் வழியே பாடம் என்ற உயர்ந்த எண்ணத்தோடு வந்தது. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டமோ, பள்ளியில் பாதி நேரம், மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று வகுத்தது. தச்சர் பிள்ளை தச்சு, வண்ணார் பிள்ளை வெளுப்பு என்று சாதியை அடுத்த தலைமுறைக்கும் கட்டிவைக்கும் ஏற்பாடு அது என்று மக்கள் எதிர்த்தார்கள். எதிர்த்தது சரி. 1954-ல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. அந்தக் காயம் நமக்குள் இருப்பதால், பிள்ளைகளின் கையில் உளியைக் கொடுக்கும் எந்தத் திட்டத்தையும் ஐயத்தோடு பார்க்கிறோம். ஆனால் அந்தத் திட்டத்தின் குற்றம் கைவேலையில் இல்லை. எந்தப் பிள்ளைக்கு எந்த வேலை என்பதைப் பிறப்பு தீர்மானித்ததில் இருந்தது. ஃபின்லாந்து 1866 முதல் பள்ளியில் கைவேலையைக் கட்டாயமாக்கியது, இன்றும் அங்கே எல்லாப் பிள்ளைகளும் மரத்தையும் துணியையும் தொட்டே வளர்கிறார்கள். வில் செய்தல் இந்தக் கோணத்தில் நமக்கு வசதியான தேர்வு. நம் சமவெளி ஊர்களில் இன்று அது எவருடைய குலத்தொழிலும் இல்லை. மருத்துவர் மகளும் கட்டடத் தொழிலாளி மகனும் ஒரே அறியாமையிலிருந்து தொடங்குவார்கள். தச்சர் வீட்டுப் பிள்ளைக்கு உளி கொஞ்சம் முன்பே பழகியிருக்கலாம். முகாம் நாள்களிலாவது அவரிடம் மற்றவர்கள் கேட்டுக் கற்கட்டும். பெண்பிள்ளைகள் இல்லாத குழுவாக இது இருக்கவே கூடாது. மலையில் வில் செய்யத் தெரிந்த மூத்தவர்கள் கிடைத்தால், அவர்களைக் காட்சிப்பொருளாக மேடையேற்றாமல், பயிற்றுநருக்கு உரிய நாள்கூலியும் மரியாதையும் கொடுத்து அழைக்க வேண்டும்.

தேர்வுக்குப் படிக்கும் நேரம் வீணாகும் என்பாரும் உண்டு. ஞாயிறு பிற்பகல்கள் எட்டோ பத்தோ போதும். வளையும் கோலின் இயற்பியலை அந்த நேரத்தில் விரல்நுனியில் கற்றவருக்கு அது பாடப்புத்தகத்தில் வரும்போது அந்நியமாக இருக்காது. இதற்கு மேல் அந்த எதிர்ப்புக்குப் பதில் தேவையென்று நான் கருதவில்லை. மரம் வெட்டப்படுமே என்ற கவலைக்குப் பதில் எளிது: மூங்கில் புல்லினம், வெட்டிய புதரிலிருந்து மறுபடி முளைப்பது. 2017-ல் இந்திய வனச் சட்டத்தில் செய்த திருத்தத்துக்குப் பிறகு, காட்டுக்கு வெளியே வளர்ந்த மூங்கில் சட்டப்படி மரக் கணக்கில் வராது. தோட்டத்தில் வளர்த்தவரிடம் விலைக்கு வாங்கலாம். உள்ளே குழல் இல்லாத, தடித்த கல்மூங்கில் இதற்கு ஏற்றது.

சேரர் கொடியில் வில் இருந்தது, வல்வில் ஓரியின் பெயரிலேயே வில் இருக்கிறது என்று பெருமை பேசி இதற்கு ஆதரவு திரட்டுவது எளிது. அந்தப் பெருமையை ஆண்டுக்கொரு நாள் மாலை போட்டு முடித்துக்கொள்வதில் எனக்கு வருத்தம் உண்டு. கொல்லிமலையில் ஆடி 17, 18 தேதிகளில் அரசு நடத்தும் வல்வில் ஓரி விழாவில் வில்வித்தைப் போட்டியும் நடக்கிறது. அதில் ஒரு புதிய பிரிவைச் சேர்க்கலாம்: பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள், தாங்களே செய்த வில்லோடு மட்டும் வர வேண்டும், முப்பது மீட்டர் தூரம், எய்வதற்கு முன் வில்லை நடுவரிடம் கொடுத்து, எங்கே எவ்வளவு சீவினேன், ஏன் என்று சொல்ல வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு குழு போதும். அடுத்த ஆடிக்கு வில் தயாராக வேண்டுமென்றால், மூன்று வயது முற்றிய மூங்கிலை மழை ஓய்ந்ததும் மார்கழியிலோ தையிலோ வெட்டி, பிளந்து, நிழலில் காற்றாட அடுக்கிவிட வேண்டும். பங்குனி வரை அதைத் தொடக் கூடாது. சித்திரை விடுமுறையில் பிள்ளைகள் வரும்போது பத்தைகள் காய்ந்து காத்திருக்கும். அவர்களுக்கு உளி பிடிக்கச் சொல்லித்தரும் தச்சரிடம் அதற்குள் பேசி வைத்துவிட வேண்டும்.