கைதட்டியவர்களுக்குச் சில வார்த்தைகள்

2020 மார்ச் 26 வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்கு பிரித்தானியா வாசலுக்கு வந்து கைதட்டியது. தொடர்ந்து பத்து வாரங்கள் தட்டியது. நன்றி சொல்வது நல்ல விடயம்தான். ஆனால் அந்தக் கைதட்டலோடு பயிற்சி மருத்துவர்களின் தலையில் 'வீரர்கள்' என்றொரு பட்டமும் ஏற்றப்பட்டதே, அதை நாம் ஏற்கவில்லை. வீரன் என்று பெயர் சூட்டப்பட்டவனுக்குப் பயப்படும் உரிமை இல்லை. அந்தச் சொல் என்ன வேலை செய்யும் என்பதை எம் மண்ணிலிருந்து வந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

யார் இவர்கள்? வழமையாக ஆகஸ்டில் முதலாம் வருட மருத்துவராகக் கடமையேற்க வேண்டிய இறுதியாண்டு மாணவர்கள். அவர்களிற் பலர் (விரும்பி முன்வந்தவர்களே, அதை நாம் மறைக்கவில்லை) வேளைக்கே பட்டமும் பதிவும் வழங்கப்பட்டு, இடைக்காலப் பதவிகளில் வாட்டுகளுக்குள் அனுப்பப்பட்டனர். பார்வையாளர் தடுக்கப்பட்ட வாட்டில், இறந்துகொண்டிருக்கும் மனிதரின் முகத்துக்கு நேரே தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையில் பிள்ளைகள் கதற, முகக்கவசத்துக்குள் அழாமல் நிற்க வேண்டும். மரணத்தை உறுதிசெய்யும் வேலையும் பெரும்பாலும் கடைசி வரிசை மருத்துவரிடமே வந்து சேரும். அந்த ஏப்ரலில் பாதுகாப்பு மேலங்கிகளுக்குத் தட்டுப்பாடு வர, மீளப் பாவிக்கும் வழிகளை அரசே சொல்லிக்கொடுத்தது. அதே ஏப்ரல் 4 இல், பேராதனையில் படித்து, இலங்கை வரலாற்றை நூலாக எழுதிய முதியோர் மருத்துவர் அன்ரன் செபஸ்தியாம்பிள்ளை, தான் பணியாற்றிய கிங்ஸ்ரன் வைத்தியசாலையிலேயே கொரோனாவால் இறந்தார். மூத்தவர்களே விழுந்துகொண்டிருந்த நேரத்தில், இருபத்துமூன்று வயதுப் பிள்ளைக்கு நெஞ்சு படபடப்பதும் நித்திரை வராததும் மனப் பலவீனமா? நிலைமையைச் சரியாக விளங்கிக்கொண்டதன் அடையாளம் என்றே நாம் சொல்வோம்.

நிர்வாகம் கொடுத்த மருந்து வேறு. தியானச் செயலிகளை இலவசமாக்கினார்கள். மனவுறுதி பற்றி வகுப்பெடுத்தார்கள். ஆளணி வேண்டும், கவசம் வேண்டும், நித்திரை வேண்டும் என்றவனிடம், மூச்சை ஆழமாக இழுத்து விடு என்றார்கள்!

எமது சமூகம் இதைவிட மோசம். தரப்படுத்தலால் மருத்துவபீடக் கதவு மூடப்பட்ட ஒரு தலைமுறை, லண்டனிலும் ரொறன்ரோவிலும் தன் பிள்ளைகளைக் கொண்டு அந்தக் கதவைத் திறப்பித்தது. அந்தக் காயத்தை நாம் இளக்காரம் செய்யவில்லை. ஆனால் கலியாணப் பேச்சிலும் கோயில் மலரிலும் பெயருக்கு முன்னால் நிற்கிற அந்த டொக்டர், ஒருநாள் "அம்மா, எனக்குப் பயமாயிருக்கு, இனி ஏலாது" என்றால் கிடைக்கும் பதில் என்ன? "உதை வெளியில சொல்லிப்போடாதை, ஆக்கள் விசர் எண்டு கதைப்பினம்." இந்தப் பதிலை எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறோம்! நிர்வாகத்துக்கு இதைவிட நல்ல கூட்டாளி கிடையாது. மருத்துவர்கள் நோயாளியாக எவ்வளவு அஞ்சுகிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அவர்களுக்கென்றே இரகசியம் காக்கும் தனிச் சிகிச்சைச் சேவையொன்றை 2008 இல் லண்டனில் தொடங்க வேண்டியிருந்தது. அதன் இருப்பைக்கூட எம் சங்கங்களின் கூட்டங்களில் எவரும் சொல்லி நாம் கேட்டதில்லை. பரிசளிப்பு விழாக்களுக்கு மட்டும் குறைவில்லை.

2023 மார்ச்சில் இங்கிலாந்தின் இளநிலை மருத்துவர்கள் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கேட்டது சம்பளம். "டொக்டர்மார் ஸ்ரைக் பண்ணலாமோ?" என்று எம்மவர் சிலர் முகம் சுழித்தனர். பண்ணலாம். ஆள் போதாத வாட்டில் இரவு முழுக்க ஓடியவர்கள் அவர்கள்தான்.