ஜீப் வாங்குங்கள், வரம்பில் ஏற்றாதீர்கள்

 

கொஞ்ச நாளாக நம் பொடியன்மார் நடுவில் ஒரே கதை. நாலு பேர் காசு போட்டு ஒரு பழைய ஃபோர் வீல் ஜீப் எடுப்பது, லீவு நாளில் மணலிலும் சேற்றிலும் விட்டு அடிப்பது. "உழைச்ச காசைக் கரியாக்கிறானுகள்" என்று பெரியவர்கள் ஏசுகிறார்கள். நாங்கள் ஏச மாட்டோம். இரவிரவாக போனை நோண்டிக்கொண்டு கிடப்பதை விட, கூட்டாளிமாரோடு போய்ச் சேறு பூசிக்கொண்டு வருவது எவ்வளவோ மேல். (எங்கள் ஆசிரியர் கூட்டத்திலும் இந்த ஆசை உள்ளவர்கள் உண்டு, மறைக்கவில்லை.)

ஆனால் "மலிவு" என்றதும் விழுந்துவிடாதீர்கள். 2020 மார்ச்சில் நின்ற இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. திறந்தும் வரி தாங்க முடியாதது. அதனால் நல்லபடி ஓடும் ஜீப் எதுவும் இன்று மலிவில்லை. மலிவாக வந்தால் அதற்கொரு காரணம் இருக்கும். பெயின்ட்டைப் பார்க்காமல் அடியில் படுத்துப் பாருங்கள். கடற்கரையில் ஓடிய ஜீப்பின் சேஸியை உப்பு தின்றிருக்கும், சுத்தியலால் தட்டினால் சத்தமே சொல்லும். மிட்சுபிஷி 4டிஆர்5 மாதிரிப் பழைய டீசல் இன்ஜினை ஊர் கராஜிலேயே பிரித்துப் பூட்டலாம். உக்கிய சேஸியை அப்படிக் காப்பாற்ற முடியாது. முன் சில்லு உண்மையில் இழுக்கிறதா என்று மணலில் பாருங்கள், தார் றோட்டில் வேண்டாம். பழைய ஜீப்புகளில் தார் றோட்டில் ஃபோர் வீலைப் போட்டு வளைத்தால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றையொன்று இழுத்து கியர்ப்பெட்டி அடிவாங்கும்.

ஓப்பன் பேப்பரில் வாங்காதீர்கள். பங்குக்கு எடுத்தால் யார் பெயரில் பதிவது, டயர் போனால் யார் காசு, ஒருவன் கட்டாருக்குப் போனால் அவன் பங்கு என்ன என்று எழுதிக்கொள்ளுங்கள். கடனை எழுதிவைக்கச் சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே நீளமானது. நாமோ "மச்சான் தானே" என்று விட்டுவிடுகிறோம்.

இது வரைக்கும் வாங்குபவர் பாடு. ஊரைத் தொடும் கேள்வி வேறு: எங்கே ஓட்டப் போகிறீர்கள்?

றோட்டுக்கு வெளியே இருப்பதெல்லாம் சும்மா கிடக்கும் நிலம் என்று நினைத்தால் நம் பக்கத்தில் அது பிழை. திரியாய் சனம் 1985இல் வீடு எரிந்து இடம்பெயர்ந்து, பல வருடம் கழித்துத் திரும்பி வந்து, காணிக்காக இன்னும் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறது. நீங்கள் பற்றை என்று ஏறும் இடம் ஒருவரின் உறுதிக் காணியாக இருக்கலாம், வன எல்லையாகவோ தொல்லியல் எல்லையாகவோ இருக்கலாம். மாரியில் வயல் வரம்பை ஒரு சில்லு உடைத்தால் கட்டிவைத்த தண்ணீர் இறங்கிவிடும். 2022 ஒக்டோபரில் யால பூங்காவுக்குள் ஜீப்கள் கூட்டமாகத் தாறுமாறாக ஓடியபோது வீடியோ வந்தது, நாடே ஏசியது, ஆட்களைப் பிடித்தார்கள். நம் வயலில் வீடியோ எடுக்க யாரும் இல்லை. காலையில் வரும் கமக்காரர் மட்டும் பார்ப்பார். அவர் முதலில் எந்த ஊர்ப் பொடியன் என்று கேட்பார், அடுத்து எந்த ஆட்கள் என்று கேட்பார். இவ்வளவு காலத்துக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்த கொடுக்கல் வாங்கல், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தால் கெட வேண்டுமா?

கடற்கரையும் அப்படித்தான். அடம்பன் கொடியும் இராவணன் மீசையும்தான் அந்த மணல் மேட்டைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஜீப் நாலு தரம் ஏறி இறங்கினால் கொடி அறுந்து, காற்று மணலை அள்ளிவிடும். 2004இல் அலை வந்த கரையில் வாழ்கிற நமக்கு மணல் மேடு எதற்கென்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஆமை முட்டை மணலுக்குள் கிட்டத்தட்ட இரண்டு மாதம் கிடக்கும். பொரித்த குஞ்சு சில்லுத் தடத்துக்குள் விழுந்தால் ஏற முடியாமல் அங்கேயே காயும், இரவில் ஹெட்லைட் அடித்தால் கடல் எந்தப் பக்கமென்றே தெரியாமல் போகும். கரைவலைக்காரரின் வாடிப் பக்கம் போய் விளையாடுவது பற்றி எழுதவே தேவையில்லை.

உழவு இயந்திரம் ஏற்கெனவே ஓடும் கிரவல் பாதைகள் எத்தனையோ உண்டு. அறுவடை முடிந்த காணியைச் சொந்தக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், பலர் சிரித்துக்கொண்டே விடுவார்கள். கமக்காரர் அமைப்பிடமும் கடற்றொழிலாளர் சங்கத்திடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். டித்வா புயலில் கார்கள் நின்ற இடத்தில் உயரமான வாகனத்துக்கு எவ்வளவு தேவை இருந்தது என்று 2025 நவம்பரில் பார்த்தோம். ஆகவே ஜீப் எடுத்தவுடன் உங்கள் போன் நம்பரை கிராம சேவகரிடம் கொடுத்து வையுங்கள்.

வயல்காரர், வலைக்காரர் யாராவது இதை வாசித்தால், எந்தப் பாதையில் விடலாம், எதில் கூடாது என்று கீழே எழுதுங்கள். அதை வைத்து ஒரு பட்டியல் போட்டுப் பொடியன்மாரிடம் கொடுக்க நாங்கள் தயார்.