மேட்டூர் நந்தி முதல் தூத்துக்குடி கான்கிரீட் வரை: தண்ணீருக்குள் போட்டதெல்லாம் மீனுக்கு வீடாகுமா?

மேட்டூர் அணையில் தண்ணீர் இறங்கிவிட்டால் போதும், பண்ணவாடி பரிசல்துறைப் பக்கம் கூட்டம் கூடிவிடும். ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். 1934-இல் அணை கட்டி முடிக்கப்பட்டபோது மூழ்கிய ஊர்களின் மிச்சம் அவை. ரீல்ஸ் போடுபவர்கள் மத்தியில் அப்போது ஒரு கேள்வியும் எழும். தண்ணீர் நிறைந்திருக்கும்போது ஸ்கூபா டைவிங் போய் இதைப் பார்க்க முடியாதா? புதுச்சேரியில் கடலுக்குள் செயற்கையாகவே ஒரு திட்டு அமைத்து டைவிங் விடுகிறார்களே, இங்கே மட்டும் ஏன் கூடாது?

கேள்வி நியாயமானதுதான். ஆனால், அதற்குப் பதில் தேடினால் இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று வந்து நிற்கிறது. கடலுக்குள் கான்கிரீட்டை இறக்குவது யாருக்காக? மீனுக்கா, மீனவருக்கா, வார இறுதியில் டைவிங் போகிறவர்களுக்கா?

செயற்கைத் திட்டு என்றால் என்ன?

மணலும் சேறுமான கடலடியில் ஒதுங்க இடமில்லாவிட்டால் மீன் தங்காது. கெட்டியான ஒரு பொருளை அங்கே வைத்தால், முதலில் பாசி படியும். பிறகு சிப்பி, கடற்பஞ்சு ஒட்டும். அவற்றைத் தின்ன சிறு மீன் வரும், சிறு மீனைத் தின்னப் பெரிய மீன் வரும். அவ்வளவுதான் விஷயம். நம் கடலோர மீனவர்களுக்கு இது புதிதல்ல. தென்னை மட்டையையும் மரக்கிளையையும் கல்லில் கட்டிக் கடலில் இறக்கி மீன் சேர்த்த பழக்கம் இங்கே பழையது. அதையே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் முக்கோணம், கிணற்று உறை போன்ற வடிவங்களில் கான்கிரீட்டில் செய்து தமிழகக் கரையோரம் பல ஊர்களில் இறக்கியிருக்கிறது.

தூத்துக்குடி அருகே உள்ள வான் தீவின் கதை இன்னும் முக்கியமானது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு ஏற்கெனவே கடலில் மூழ்கிவிட்டன. 1986-இல் சுமார் 16 ஹெக்டேராக இருந்த வான் தீவு, 2014 வாக்கில் 2 ஹெக்டேராகச் சுருங்கியது. பல ஆண்டுகளாகப் பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததில், அலையைத் தடுக்கும் அரண் போய்விட்டது. அதனால் 2015 முதல் 10,000-க்கும் மேற்பட்ட துளையுள்ள கான்கிரீட் தொகுதிகளைத் தீவைச் சுற்றி இறக்கினார்கள். அலையின் வேகம் குறைந்தது. தொகுதிகளில் பவளமும் மீனும் குடியேறின. இங்கே திட்டு என்பது சுற்றுலாத் தலமல்ல, ஒரு தீவின் உயிர்.

அப்படியானால் மேட்டூர் நந்தி?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நீர்மட்டம் சுமார் 70 அடிக்கு இறங்கும்போது நந்தி தலைகாட்டுகிறது. அணையின் முழு மட்டம் 120 அடி. ஆக, அணை நிரம்பியிருக்கும்போது நந்தியின் தலைக்கு மேல் சுமார் 50 அடி, அதாவது 15 மீட்டர் தண்ணீர். அடிப்படைப் பயிற்சி முடித்த டைவருக்கான வரம்பு 18 மீட்டர். ஆழத்தை மட்டும் பார்த்தால் எட்டக்கூடிய தூரம்தான்.

பிரச்சினை வேறு. வெள்ளம் கொண்டுவரும் வண்டலும் பச்சைப் பாசியும் கலந்த தண்ணீரில் கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம்தான். அடியில் மூழ்கிய கட்டுமானங்களும் அறுந்த மீன் வலைகளும் கிடக்கும். மட்டமும் ஒரே நிலையில் இருக்காது. 2024 ஜூலை தொடக்கத்தில் 40 அடியை ஒட்டிக் கிடந்த அணை, அதே மாதம் 30-ஆம் தேதி 120 அடியைத் தொட்டது. ஒரு மாதத்துக்குள் 80 அடி! இப்படி மூழ்குவதும் காய்வதுமாக இருக்கும் கல்லில் நிலையான உயிர்க்கூட்டம் வளராது. நன்னீரில் பவளத்துக்கு வேலையே இல்லை. எனவே நந்தி மூழ்கிய ஒரு நினைவுச்சின்னம், திட்டு அல்ல. ஊரை இழந்தவர்களின் கோயிலையும் தேவாலயத்தையும் வேடிக்கைப் பொருளாக்க அவசரப்படத் தேவையில்லை.

எதைப் போட்டாலும் திட்டாகுமா?

ஆகாது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1970-களில் 20 லட்சம் பழைய டயர்களைக் கடலில் கொட்டி, ‘திட்டு’ என்றார்கள். கட்டு அறுந்து டயர்கள் உருண்டு, பக்கத்தில் இருந்த இயற்கைப் பவளத்தையே நசுக்கின. அவற்றை வெளியே எடுக்கும் வேலை பல ஆண்டுகள் நீண்டது. குப்பையைக் கடலில் தள்ள ‘திட்டு’ என்ற பெயர் வசதியான சாக்காகிவிடக் கூடாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. திட்டில் மீன் கூடுகிறது என்பதும் மீன் பெருகுகிறது என்பதும் ஒன்றல்ல. பரந்து திரிந்த மீனை ஓரிடத்தில் சேர்த்துவிட்டு, அங்கேயே எல்லோரும் வலை போட்டால் அது வீடல்ல, பொறி. சரியான இடத்தில் இறக்கினால் இழுவலைப் படகுகள் அங்கே வலையை இழுக்க முடியாது. நாட்டுப் படகுக்காரருக்குப் பாதுகாப்பு. தவறான இடத்தில் இறக்கினால் அவர் வலையே கிழியும். அதனால்தான் இடத்தை முடிவு செய்யும்போது மீனவ ஊரின் சம்மதம் வேண்டும்.

டைவிங் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

முதுகில் இருக்கும் சிலிண்டரில் தூய ஆக்சிஜன் இல்லை. அழுத்தி அடைத்த சாதாரணக் காற்றுதான். ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தில் நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. வேகமாக மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்தாற்போல் குமிழி கட்டும். மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரலே கிழியலாம்.

டைவிங் முடிந்த பிறகும் உடம்பில் நைட்ரஜன் மிச்சம் இருக்கும். ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. சேலம், நாமக்கல் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை: காலையில் புதுச்சேரியில் டைவ், மாலையில் ஏற்காடு என்று திட்டம் போடாதீர்கள். மலை ஏறினாலும் காற்றழுத்தம் குறையும், ஆபத்து அதேதான். ஆஸ்துமா, இதயப் பிரச்சினை, காது வலி இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். பயிற்சியாளரின் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

என்ன செய்ய வேண்டும்?

செயற்கைத் திட்டுகள் வேண்டாம் என்பதல்ல வாதம். இறக்கிய அன்று படம் எடுத்துப் போடுவதோடு வேலை முடிந்துவிடக் கூடாது. ஆண்டுதோறும் மீன் எவ்வளவு, பவளம் எவ்வளவு, சிக்கிய வலைகள் எவ்வளவு என்று எண்ணி, மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். மீன் வளர்ப்புக்கான திட்டு எது, டைவிங்குக்கான திட்டு எது என்று பிரித்து அறிவிக்க வேண்டும். டைவிங் வருமானத்தில் ஒரு பங்கு, அந்தக் கடலை நம்பி வாழும் ஊருக்குப் போக வேண்டும்.

கான்கிரீட் வார்க்கச் சில வாரங்கள் போதும். அதன்மேல் பவளம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் வளர்கிறது. இருக்கும் இயற்கைத் திட்டைக் காப்பாற்றுவதுதான் எப்போதும் மலிவான வழி.