கறுப்பு மருதாணியும் கைப்பேசி ஜோசியமும்

என் மனைவி தலைக்கு டை அடிக்க மாட்டாள். கெமிக்கல் என்று பயம். அதனால்தான் கறுப்பு மருதாணிப் பொடி வாங்கினாள்.

போன தை மாதம் பண்ருட்டியில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். இரண்டு நாள் முன்னால் ஒரு கடையில் பாக்கெட் வாங்கி, கரைத்துப் பூசி, அரை மணி நேரத்தில் அலசினாள். முடி நன்றாகக் கறுத்திருந்தது. கல்யாணத்தன்று காலையில் எழுந்தால் இரண்டு கண்ணும் திறக்கவில்லை. இமை வீங்கி, நெற்றியிலும் காதோரத்திலும் நீர் கோத்த கொப்புளம். கல்யாணச் சாப்பாட்டுக்குப் பதிலாக டாக்டர் வீடு.

இதை எழுதக் காரணம் அந்த வீக்கம் மட்டும் இல்லை. பூசுவதற்கு முன்பே பெங்களூரில் இருக்கும் பேத்தி வீடியோவில் பாக்கெட்டைக் காட்டச் சொல்லி, படம் எடுத்து, செயற்கை நுண்ணறிவிடம் கேட்டாள். மருதாணி, நெல்லிக்காய், கரிசலாங்கண்ணி, சீயக்காய் என்று பாக்கெட்டில் இருந்ததை அது அழகாகப் படித்தது. எல்லாம் இயற்கைப் பொருள், பொதுவாகப் பாதுகாப்பானது என்றும் சொன்னது. "தாத்தா, ஏஐயே ஓகே சொல்லிடுச்சு" என்றாள் குழந்தை. நானும் தலையாட்டினேன். அனல்மின் நிலையத்தின் ரசாயன ஆய்வகத்தில் காலத்தைக் கழித்தவன் நான். எனக்குத்தான் வெட்கம் அதிகம்.

ஆய்வகத்தில் ஒரு ஆசிட் டேங்கர் வந்தால் சீட்டைப் பார்த்துவிட்டு உள்ளே விட மாட்டோம். சாம்பிள் எடுத்துச் சோதித்துவிட்டுத்தான் வால்வைத் திறப்போம். கொதிகலனுக்குக் கொடுத்த அந்த மரியாதையை மனைவியின் தலைக்கு நான் கொடுக்கவில்லை.

மருதாணி இலையில் இருக்கும் லாசோன் என்கிற சாயம் நரையைச் செம்பட்டையாக்கும், கறுப்பாக்காது. இலையை மட்டும் வைத்துக் கறுப்பாக்க வேண்டுமானால் முதலில் மருதாணி போட்டு அலசி, பிறகு அவுரி இலைப் பொடி போட வேண்டும். அவுரி நம் திண்டிவனம் பக்கமே விளைகிறது. ஆனால் அது சில மணி நேர வேலை. ஒரே பூச்சில் அரை மணியில் கறுக்கிறது என்றால் பாரா ஃபினைலின் டையமின் இருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். சுருக்கமாக பி.பி.டி. எங்கள் வீட்டுப் பாக்கெட்டில் அது இருந்ததா என்பதை யாரும் சோதிக்கவில்லை. டாக்டர் மட்டும் புண்ணைப் பார்த்ததும் அந்தப் பெயரைத்தான் சொன்னார்.

பிறகு நானே அந்த இயந்திரத்திடம் பி.பி.டி. பற்றிக் கேட்டேன். கொட்டித் தீர்த்துவிட்டது. 1,4 டையமினோபென்சீன் என்று வேறு பெயரில் எழுதுவார்கள், 'அம்மோனியா இல்லை' என்றால் பி.பி.டி. இல்லை என்று அர்த்தமாகாது, எல்லாம் சொன்னது. அதை நான் குறை சொல்லவில்லை. பெயர்களைக் கோத்துப் பார்ப்பதில் அது கெட்டிக்காரன். ஆனால் பாக்கெட்டில் எழுதாததை அதனால் படிக்க முடியாது. எழுதாததைப் பற்றிச் சும்மா இருக்காமல் 'பாதுகாப்பானது' என்று வேறு சொல்லிவிடுகிறது. ஜோசியக்காரர்தான் அப்படிச் செய்வார்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே 33,000க்கும் மேற்பட்ட பெண்களைச் சுமார் 11 ஆண்டுகள் கவனித்து, 2022இல் ஒரு ஆய்வு வந்தது. முடி நேராக்கும் ரசாயனம் பூசாதவர்களில் 70 வயதுக்குள் கர்ப்பப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம், அடிக்கடி பூசியவர்களுக்கு 4.05 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். அந்த ரசாயனத்தை அதிகம் பயன்படுத்துகிறவர்கள் கறுப்பினப் பெண்கள். அவர்களுக்கு எது பாதுகாப்பான பொருள் என்று செயற்கை நுண்ணறிவை வைத்துத் தேடலாம் என்று இப்போது பேசுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் 'நறுமணம்' என்ற ஒரே சொல்லுக்குள் பல ரசாயனத்தை அடக்கிவிட அங்கே சட்டமே இடம் கொடுக்கிறது. மூடி வைத்த பாத்திரத்தைப் படம் எடுத்தால் மூடிதான் தெரியும்.

நம் ஊரில் சட்டம் இருக்கிறது. பி.பி.டி. கலந்த முடிச் சாயத்தில் எச்சரிக்கை வாசகம் ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் உள்ளே வெளியே இரண்டு உறையிலும் இருக்க வேண்டும். புருவத்தில், இமையில் பூசினால் பார்வையே போகலாம் என்றும் அதில் எழுத வேண்டும். உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். தமிழில் இருக்கிறதா? இருந்தால், கண்ணாடி போட்டும் படிக்க முடிகிறதா?

ஆகவே எனக்குப் புது ஆப் வேண்டாம். மருந்து ஆய்வாளர்கள் பெட்டிக்கடை வரைக்கும் போய்ச் சாம்பிள் எடுக்கட்டும். முடிவைப் பிராண்டு பெயரோடு தமிழில் வெளியிடட்டும். அந்தப் பட்டியலை இயந்திரத்துக்குக் கொடுத்தால், அப்போது அது சொல்வதை நானும் கேட்கிறேன். ஆயிரம் பேத்திகளுக்கு ஒரே நொடியில் சரியான பதில் சொல்லும்.

அதுவரை பழைய வழிதான். கரைத்த சாயத்தைக் காதுக்குப் பின்னால் துளி தடவி 24 மணி நேரம் விடுங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் குப்பையில் போடுங்கள். போன தடவை ஒன்றும் ஆகவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு தடவையும் செய்யச் சொல்கிறது விதி. ஒரு தடவை ஒத்துக்கொள்ளாமல் போனவர்கள் மறுபடி அந்தப் பக்கமே போக வேண்டாம்.

என் மனைவி இப்போது நரையோடுதான் கல்யாணங்களுக்கு வருகிறாள். பேத்தி போன் செய்தால் முதலில் கேட்பது, "பாட்டி, காதுக்குப் பின்னாடி தடவிப் பார்த்தியா?" தலைக்கு எண்ணெய் மட்டும்தான் என்று சொன்னாலும் நம்புவதில்லை.