தொண்டுக் கடையில் வாங்குபவரும் கொடையாளர்தான்

பிறை - தொழிற்பேட்டையில் வேலை செய்யும் ஒரு தாய், சனிக்கிழமை காலை, பழைய பொருள்கள் விற்கும் தொண்டுக் கடை ஒன்றுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மகளுக்குப் பள்ளிச் சீருடை ஒன்று வேண்டும். வீட்டுக்கு ஓர் இஸ்திரிப் பெட்டி வேண்டும். பொருள்களில் விலைச்சீட்டு இல்லை. கேட்டால் ஆளைப் பார்த்து விலை சொல்கிறார்கள். பெட்டி சூடேறுகிறதா என்று பார்க்கலாமா என்றால், "இந்த விலைக்கு இதற்குமேல் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?" என்று பதில் வருகிறது. அதே நேரத்தில், காரில் வந்து இரண்டு பை பழைய துணியை இறக்கி வைத்துவிட்டுப் போகிறவருக்குப் பலத்த நன்றி கிடைக்கிறது.

எல்லாக் கடைகளும் இப்படி என்று சொல்ல முடியாது. அன்பாக நடத்தும் கடைகளும் உண்டு. ஆனால் இத்தகைய கடைகளுக்குப் போய்வரும் பலருக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது.

பணம் எங்கிருந்து வருகிறது?

தொண்டுக் கடையின் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒருவர் கொடுத்த பழைய சட்டை, அலமாரியில் கிடக்கும்வரை யாருக்கும் உதவுவதில்லை. இடத்தை அடைக்கிறது, தரம் பிரிக்க ஆள் வேண்டியிருக்கிறது, விற்காவிட்டால் குப்பைக்குப் போகிறது. யாரோ ஒருவர் 5 ரிங்கிட் கொடுத்து அதை வாங்கும்போதுதான் அது ஒரு பிள்ளையின் சாப்பாடாகவோ ஒரு முதியவரின் மருந்தாகவோ மாறுகிறது. துணி கொடுத்தவர் தமக்கு வேண்டாததைக் கொடுத்தார். வாங்கியவர் தமக்கு வேண்டிய பணத்திலிருந்து கொடுத்தார்.

மலேசியாவில் 1938-ஆம் ஆண்டிலிருந்து பணியாற்றும் இரட்சணிய சேனை, நன்கொடையாக வரும் பொருள்களை விற்று, அந்த வருமானத்தைத் தன் சமூகப் பணிகளுக்குப் பயன்படுத்துகிறது. பிரிட்டனின் ஆக்ஸ்ஃபாம் 1940-களின் இறுதியில் ஆக்ஸ்ஃபர்டில் தன் முதல் கடையைத் திறந்ததும் நிதி திரட்டத்தான். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1902-இல் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற பாதிரியார் தொடங்கிய குட்வில், இன்னொரு வழியைக் காட்டியது. வசதியானவர்களிடம் பழைய பொருள்களைத் திரட்டி, அவற்றைப் பழுதுபார்க்கும் வேலையை ஏழைகளுக்கே கொடுத்து, கூலியும் கொடுத்தது.

இந்தியாவில் 1999-இல் அன்ஷு குப்தா தொடங்கிய கூஞ்ச் அமைப்பும் இதைத்தான் வேறு விதமாகச் செய்கிறது. கிராம மக்கள் சேர்ந்து கிணறு தூர்வாரினால், பாதை அமைத்தால், அந்த உழைப்புக்கு ஈடாகத் துணி கொடுக்கப்படுகிறது. இலவசமாக நீட்டினால் வாங்குபவர் தலைகுனிய நேரிடும் என்ற புரிதல் அதன் அடிப்படை. இந்தப் பணிக்காக 2015-இல் குப்தாவுக்கு மகசேசே விருது கிடைத்தது.

பொருளுக்கு விலை வைப்பதன் நன்மையும் இதுவே. 5 ரிங்கிட்டை நீட்டும் கை, வாங்கும் கையாகவும் கொடுக்கும் கையாகவும் இருக்கிறது. அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு, தர்மம் பெற வந்தவர்போல் அவரை நடத்தினால், விலை வைத்ததற்கே பொருள் இல்லாமல் போகிறது.

அரசாங்க உதவியிலும் இந்த மாற்றத்தைக் காணலாம். 2025 ஆகஸ்ட் 31 முதல், 18 வயது நிரம்பிய மலேசியர் அனைவருக்கும் 100 ரிங்கிட் சாரா உதவி மைகாட் வழி வழங்கப்பட்டது. மேடையில் வரிசையாக நின்று, படம் எடுத்துக்கொண்டு அரிசிப் பை வாங்குவதற்கும், கடை முகப்பில் மற்றவர்களைப்போல் அட்டையைக் கொடுத்துப் பொருள் வாங்குவதற்கும் உள்ள வேறுபாடு, வாங்குபவருக்கு நன்றாகவே தெரியும்.

மறுபக்கமும் உண்டு

கடையில் நிற்கும் தொண்டர்களின் சிரமத்தையும் மறக்கக் கூடாது. பலர் பணி ஓய்வு பெற்றவர்கள், சம்பளம் வாங்காதவர்கள். கிழிந்த துணியையும் உடைந்த விளையாட்டுப் பொருளையும் நன்கொடை என்ற பெயரில் கொண்டுவந்து கொட்டுகிறவர்களைச் சமாளிக்க வேண்டும். 3 ரிங்கிட் பொருளை 1 ரிங்கிட்டுக்குக் கேட்டு வாதாடுகிறவர்களையும் சமாளிக்க வேண்டும். நல்ல பொருள்களை மொத்தமாக அள்ளிக்கொண்டு போய், பண்டல் கடையிலோ இணையத்திலோ கூடுதல் விலைக்கு விற்கும் வியாபாரிகளும் வருகிறார்கள். அவர்களைத் தடுக்கப் போய், எல்லாரையும் சந்தேகத்தோடு பார்க்கும் பழக்கம் வந்துவிடுகிறது.

அதற்குத் தீர்வு முகத்தைப் பார்ப்பது அல்ல. ஒருவருக்கு ஒரு நாளில் இத்தனை பொருள்தான் என்று எழுதி ஒட்டினால் போதும். விதி சுவரில் இருந்தால் தொண்டருக்கும் சண்டை இல்லை, வாங்குபவருக்கும் அவமானம் இல்லை. பிறையில் உள்ளூர்க்காரர்களோடு நேப்பாள, வங்காளதேசத் தொழிலாளர்களும் பழைய துணி தேடுகிறார்கள். மொழி புரியாத இடத்தில், எழுதிய விலை எல்லாரையும் சமமாக நடத்தும்.

மலிவு என்பதால் ஆபத்து கூடாது

மின்சாதனங்களின் சங்கதி வேறு. சட்டையில் பொத்தான் இல்லையென்றால் தைத்துக்கொள்ளலாம். ரைஸ் குக்கரின் வயர் கருகியிருந்தால் வீடே தீப்பற்றலாம். சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதும், வாங்குபவர் முன்னால் ஒருமுறை செருகிக் காட்டுவதும் கடையின் கடமை. பழைய தலைக்கவசங்களை விற்காமல் இருப்பதே நல்லது. உள்ளே ஏற்பட்ட விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

1969-இல் தொடங்கப்பட்ட பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அரை நூற்றாண்டாகச் சொல்லிவருவது, பயனீட்டாளருக்கு உரிமை உண்டு என்பதைத்தான். இன்று 5 ரிங்கிட் கட்டணத்தில், 50,000 ரிங்கிட் வரையிலான வழக்குகளைப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோகலாம். ஆனால் 15 ரிங்கிட் இஸ்திரிப் பெட்டிக்காக, அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு யாரும் அங்கே போகப்போவதில்லை. அதனால்தான் தொண்டுக் கடைகள் தாங்களாகவே ஒழுங்கை வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. ஒவ்வொரு பொருளிலும் விலைச்சீட்டு. துணி போட்டுப் பார்க்க ஒரு திரை, ஒரு கண்ணாடி. சோதித்துப் பார்க்க ஒரு மின்செருகி. வேலை செய்யாத சாதனத்தைச் சில நாள்களுக்குள் மாற்றிக்கொள்ளும் வசதி. ஒரு ரசீது. கடந்த மாத விற்பனைப் பணம் எதற்குச் செலவானது என்று வாசலில் ஓர் அறிவிப்பு.

அந்த அறிவிப்பைப் படிக்கும் தாய்க்கு, தான் கொடுத்த 15 ரிங்கிட் எங்கே போனது என்று தெரியும். துணிப் பை கொண்டுவந்தவருக்குச் சொன்ன நன்றியை அவருக்கும் சொல்லிவிட்டால், அடுத்த சனிக்கிழமையும் அவர் வருவார்.