செரீனா எங்கே போனாள்?

திருவையாற்றில் எங்கள் வீட்டுத் திண்ணையில், தீப்பெட்டிக்குள் பொன்வண்டை வைத்து, வேலந்தழை போட்டு வளர்த்தவள் நான். அதனால், விதவிதமான உயிர்களைப் பிடித்து வளர்க்கும் போகிமான் எனக்கு அந்நியமாகப் படவில்லை. அதை உருவாக்கிய சதோஷி தஜிரியும் சிறுவயதில் பூச்சி பிடித்துத் திரிந்தவர்தான்.

தங்கை மகளோடு உட்கார்ந்து போகிமான் கார்ட்டூன் தொடரைப் பார்ப்பேன். ஒருநாள் கேட்டாள்: "பெரியம்மா, செரீனா ஏன் இப்பல்லாம் வரல?" எனக்குத் தொண்டை அடைத்தது. கதாநாயகன் ஆஷ் புது ஊருக்குப் போனால் அவனுடைய போகிமான் பிக்காச்சு மட்டும் தோளில் இருக்கும். கூட நடந்தவர்கள் மாறிவிடுவார்கள். மிஸ்டி, மே, டான், செரீனா. வழியெல்லாம் சமைத்துப் போட்ட ப்ராக்கும் அப்படித்தான் போனான். பிறகு எப்போதாவது விருந்தாளி மாதிரி வந்து தலைகாட்டுவார்கள். ஆஷோ 1997 முதல் 25 வருஷம் பத்து வயதிலேயே நின்று, 2022-ல் உலகச் சாம்பியன் ஆனான்.

1999-ல் வந்த டிஜிமான் தொடர் இதைவிட மேலானது என்பேன். எட்டுப் பிள்ளைகள், ஆளுக்கொரு டிஜிமான் துணை. பெற்றோர் பிரிந்ததால் வேறு வேறு வீட்டில் வளரும் அண்ணன் தம்பியின் ஏக்கத்துக்கும் அதில் இடமுண்டு. எங்கள் நடவு வயலும் அப்படித்தான்: ஒருத்தி பின்தங்கினால் பக்கத்தில் நிற்பவள் அவள் பங்கையும் சேர்த்து நடுவாள். யாரையும் விட்டுவிட்டு வரிசை நகராது.

2023 ஏப்ரலில் போகிமான் தொடரில் ஆஷின் இடத்துக்கு லிகோ என்ற சிறுமி வந்தாள். நல்ல மாற்றம். பெற்றோர்களே, அரைமணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். உங்கள் பிள்ளை யாரைத் தேடுகிறது என்று கேளுங்கள்.